பாடம் 9: குளிர் எங்கே போயிற்று?

நுழையும்முன்

ஒரு கருவி பழுதானால் அதை உடனே பிரித்துப் பார்க்கவே மனம் விரையும். பிரிப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் சில உள்ளன. அவற்றை ஒரு பயண நிகழ்ச்சியின் வழியே அறிவோம்.

பாடம்

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே அமைந்த அகன்ற இடைவெளி பாலக்காட்டுக் கணவாய். வெயில் காலத் தொடக்கத்தில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று இதன் வழியே வீசும். இப்பகுதியில், மாந்தோப்புகளுக்குப் பெயர்பெற்ற முதலமடையை அடுத்துத் தமிழ்நாட்டின் எல்லையோரம் இருப்பது கோவிந்தாபுரம். தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் ஊர் அது.

ஆண்டுத் தேர்வுகள் முடிந்திருந்தன. எழுபது வயதைக் கடந்த என் தாயாருடன் கொல்லங்கோட்டிலிருந்து பொள்ளாச்சிக்கு மகிழுந்தில் சென்றுகொண்டிருந்தேன். கோவிந்தாபுரத்தை நெருங்கும்போது குளிர்சாதனம் சுடுகாற்றையே வீசியது. சன்னலைத் திறந்தால் அனல், மூடினால் புழுக்கம். தலை சுற்றுவதாகத் தாயார் கூறவே, சாலையோரப் பணிமனை ஒன்றில் வண்டியை நிறுத்தினேன். புளியமர நிழலில் அவரை அமர்த்தித் தண்ணீர் கொடுத்தேன்.

"அண்ணா, வாயு தீர்ந்துவிட்டது போலும். நிரப்பிக் கொடுங்கள்" என்றேன்.

பணிமனைக்காரர் எந்தக் கருவியையும் கையில் எடுக்கவில்லை. "முன்பு எப்போது நிரப்பினீர்கள், டீச்சர்?" என்று கேட்டார்.

"இரண்டு மாதத்திற்கு முன் ஒருமுறை, அதற்கும் முன் ஒருமுறை. வேறோர் ஊரில் நிரப்பினார்கள்."

"வாயு பெட்ரோலைப் போலச் செலவாகித் தீர்வதன்று. அது மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். முதலில் நான் கேட்பதற்கு விடை சொல்லுங்கள்" என்றார்.

"காற்று வேகமாக வருகிறதா, மெதுவாகவா?" வேகமாகவே வந்தது. மெதுவாக வந்திருந்தால், உட்புறக் காற்று வடிகட்டியில் தூசி அடைத்திருக்கலாம் என்றார்.

"வண்டி ஓடும்போது குளிர்ந்து, நிற்கும்போது மட்டும் சுடுகிறதா?" இல்லை, எப்போதும் சுட்டது. நிற்கும்போது மட்டும் சுட்டிருந்தால், முன்புறக் கண்டென்சரின் விசிறி சுழலாமல் இருக்கலாம். அல்லது கண்டென்சரில் சருகும் மண்ணும் அடைத்திருக்கலாம்.

"குளிர் ஒரே நாளில் நின்றதா, நாளுக்கு நாள் குறைந்ததா?" சில வாரங்களாகக் குறைந்துகொண்டே வந்தது. திடீரென நின்றிருந்தால், ஃபியூசு, ரிலே முதலிய மின்பகுதிகளைத்தான் அவர் முதலில் பார்த்திருப்பாராம்.

பிறகு எஞ்சினை இயக்கிக் குளிர்சாதனத்தைப் போடச் சொன்னார். வழக்கமாகக் கேட்கும் 'டிக்' என்னும் ஒலி எழவில்லை. கம்ப்ரசரின் முகப்புத் தட்டு சுழலவில்லை. வாயு மிகக் குறைந்தால் கம்ப்ரசர் கெட்டுவிடாதவாறு ஓர் அழுத்த உணரி அதனை நிறுத்திவிடும் என்று விளக்கினார்.

எஞ்சினை நிறுத்திய பின்னரே கையை உள்ளே நீட்டினார். குழாய்களின் இணைப்புகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்த்தார். ஓரிடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருந்தது. கம்ப்ரசரின் எண்ணெய் வாயுவுடன் கலந்து ஓடுவதால், வாயு கசியும் இடத்தில் எண்ணெயும் தடம் பதிக்கிறது. அந்த இணைப்பிலிருந்த சிறிய இரப்பர் வளையம் வெடித்திருந்தது. இரு முறை பணம் கொடுத்து நிரப்பிய வாயு அவ்வழியேதான் வெளியேறியிருந்தது.

புதிய வளையத்தைப் பொருத்தினார். குழாய்களுக்குள் இருந்த காற்றையும் ஈரத்தையும் எந்திரத்தால் உறிஞ்சி வெற்றிடமாக்கினார். வெற்றிடம் குலையாமல் நிற்கிறதா என்று சிறிது நேரம் காத்திருந்து பார்த்தார். அதன் பின்னரே உரிய எடையளவு வாயுவை நிரப்பினார். 'டிக்' என்ற ஒலி எழுந்தது, காற்று குளிர்ந்தது. தாயார் முகத்திலும் தெளிவு வந்தது.

குளிர்சாதனம் குளிரை உண்டாக்குவதில்லை. வெப்பத்தை இடம் மாற்றுகிறது. வண்டியின் உள்ளே, ஆவியாக்கியில், திரவம் ஆவியாகும்போது வெப்பத்தை ஈர்த்துக்கொள்கிறது. கம்ப்ரசர் அந்த ஆவியை அழுத்திக் கண்டென்சருக்கு அனுப்புகிறது. அங்கே அது வெப்பத்தை வெளிக்காற்றிடம் விட்டுவிட்டு மீண்டும் திரவமாகிறது. இச்சுற்று எங்கே தடைப்பட்டாலும் சுடுகாற்றே வரும். எனவே நோய் ஒன்றாயினும் காரணங்கள் பல.

கசிவினால் பணம் மட்டும் வீணாவதில்லை. முற்காலத்தில் பயன்பட்ட ஆர்-12 வாயு ஓசோன் படலத்தைச் சிதைத்தது. 1987ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கையைத் தொடர்ந்து அது விலக்கப்பட்டது. அதற்கு மாற்றாக வந்த ஆர்-134ஏ ஓசோனைச் சிதைப்பதில்லை. ஆயினும், வளிமண்டலத்தில் வெப்பத்தைத் தேக்கும் ஆற்றல், எடைக்கு எடை, கரியமில வாயுவைவிட அதற்கு ஆயிரம் மடங்கிற்கும் மேல் உண்டு. ஓட்டையை அடைக்காமல் வாயுவை நிரப்புபவர், நம் வண்டியைக் குளிர்விக்காததோடு உலகையும் சூடேற்றுகிறார்.

மாணவர்களே, கேள்வி கேட்டறிவதை நீங்களும் செய்யலாம். வாயுக் குழாயைத் திறக்கும் பணியைப் பயிற்சி பெற்றவரிடமே விடுங்கள்; பீறிடும் திரவம் கண்ணையும் தோலையும் உறைபுண்ணாக்கும்.

சொற்பொருள்

கணவாய் – மலைகளுக்கு இடையிலான வழி
கம்ப்ரசர் – வாயுவை அழுத்தும் கருவி
கண்டென்சர் – ஆவியைத் திரவமாக்கும் கருவி
உணரி – மாற்றத்தை அறிந்து செயற்படும் கருவி
பிசுக்கு – ஒட்டும் தன்மையுள்ள அழுக்கு

மொழித்திறன்

'குறைந்தால்', 'திறந்தால்' என்பன நிபந்தனைப் பொருள் தரும் வினையெச்சங்கள். இத்தகைய சொற்கள் மேலும் மூன்றினைப் பாடத்திலிருந்து எடுத்தெழுதுக.

மதிப்பீடு

1. வாயு பெட்ரோலைப் போன்றதன்று என்று பணிமனைக்காரர் கூறியது ஏன்?
2. கசிவு இருந்த இடத்தை அவர் எவ்வாறு கண்டறிந்தார்?
3. ஒரு வண்டியில் காற்று வேகமாக வருகிறது, ஓடும்போது குளிர்கிறது, நிற்கும்போது சுடுகிறது. முதலில் எதைச் சோதிப்பீர்கள்? காரணம் கூறுக.
4. உங்கள் வீட்டில் பழுதான ஒரு பொருளைத் தேர்ந்துகொள்க. அதைப் பிரிக்குமுன் கேட்க வேண்டிய நான்கு கேள்விகளை எழுதி, ஒவ்வொரு விடையும் எதைச் சுட்டும் என்று விளக்குக.