அறுவடைக்குப் பின் அழியும் விளைச்சல்

விளைச்சலைப் பெருக்குவதில் நாம் காட்டும் அக்கறையை விளைந்ததைக் காப்பதில் காட்டுவதில்லை. லூதியானாவிலுள்ள மத்திய அறுவடைக்குப் பிந்தைய பொறியியல், தொழில்நுட்ப நிறுவனம் 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, நம் நாட்டில் கொய்யாவில் 15.88 சதவீதமும் தக்காளியில் 12.44 சதவீதமும் வீணாயின. நபார்டு ஆலோசனை நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு ஆய்வில் இவை முறையே 15.05, 11.61 சதவீதமாக இருந்தன. முன்னேற்றம் சிறிதே.

இழப்பின் தோற்றுவாய்

பறித்த பின்னும் காய்கனிகள் உயிருள்ளவையே. அவை சுவாசிக்கின்றன, நீரை இழக்கின்றன. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் சுவாச வேகம் ஏறத்தாழ இரு மடங்காகிறது. நண்பகலில் பறித்து வெயிலில் குவிப்பதும் கூடையில் அழுத்தி அடைப்பதும் அழுகலுக்கு வழிவகுக்கின்றன. இழப்பு வயலிலேயே தொடங்கிவிடுகிறது.

கிடங்கு மட்டும் போதுமா?

நாட்டின் குளிர்பதனக் கிடங்குகளில் பெரும்பகுதி உருளைக்கிழங்கிற்கே பயன்படுகிறது. அதற்குரிய கடுங்குளிர் தக்காளிக்கு ஆகாது. அதில் நெடுநாள் வைத்த பச்சைத் தக்காளி பின்னர் சரிவரப் பழுப்பதில்லை. டில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனம் 1980களில் ஓர் எளிய வழியைக் கண்டது. இரட்டைச் செங்கற்சுவர், இடையே ஈர மணல், மேலே வைக்கோல் மூடி: இதுவே மின்சாரம் வேண்டாத அக்குளிர் அறை. வறண்ட கோடையில் இதனுள் வெப்பம் வெளியைவிட 10 டிகிரிக்கு மேல் குறைகிறது. சுமார் 100 கிலோ காய்கனிகளை இதில் சில நாள் வைத்திருக்கலாம்.

செலவு ஒருவருக்கு, பயன் பிறருக்கு

வழிகள் எளியவையாயின் உழவர் ஏன் கைக்கொள்வதில்லை? அறியாமை என்று கூறுதல் பொருந்தாது. தரம் பிரித்த சரக்கிற்கு மண்டியில் கூடுதல் விலை கிடைக்காவிடில், பிரிக்கும் கூலி அவருக்கு வீண் செலவே. தொலைவூர் சென்ற பிளாஸ்டிக் பெட்டி திரும்பாவிடில் அதன் விலையும் அவர் தலையிலேயே விழுகிறது. பயனோ வணிகருக்கும் நுகர்வோருக்கும் சேருகிறது. விலை சரியும் நாளில் பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாமல் பழத்தைச் செடியிலேயே விட்டுவிடுவோரும் உளர். இவ்விழப்பைக் கிடங்கு மட்டும் தடுத்துவிடாது.

எனவே, உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் பெட்டிகளைப் பொதுவில் வாங்கி வாடகைக்கு விடுதலும், மண்டியில் தரவாரியாக ஏலம் நடத்துதலும் முதற்பணிகளாதல் வேண்டும். காக்கப்படும் ஒவ்வொரு கிலோவும் கூடுதல் நிலமோ நீரோ உரமோ கேளாத விளைச்சலாகும். அதன் விலையில் உரிய பங்கு உழவருக்குச் சேர்ந்தாலன்றி அதனைக் காக்க அவர் முன்வரார்.