பெரியவர்களுக்கு ஒரு பாடம்: போனும் நம் சுகமும்



ஒரு காலத்தில் உடம்புக்கு ஏதும் வந்தால் தோட்ட டிஸ்பென்சரிக்குத்தான் போவோம். அங்கே சொன்னதுதான் கடைசி வார்த்தை. இன்றைக்கு அப்படியில்லை. வைத்தியம் சொல்ல ஆயிரம் பேர் போனுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அதில் நல்லதும் உண்டு, உயிரை எடுப்பதும் உண்டு. எது எது என்று பிரித்துப் பார்க்க நம் பெரியவர்களைப் பழக்குவது எப்படி? அதுதான் இந்தப் பாடம்.

திருக்கோணமலை மாவட்டத்தை வைத்தே இதைச் சொல்கிறோம். 1970களிலும் அதற்குப் பிறகும் மலையகத்திலிருந்து வந்து இந்த மாவட்டத்தில் குடியேறிய குடும்பங்கள் உண்டு. தோட்டத்தில் ஓய்வு பெற்ற பிறகு, துறைமுகப் பக்கமும் சீனக்குடாப் பக்கமும் வேலை செய்யும் பிள்ளைகளோடு வந்து இருக்கிற தாத்தா பாட்டிமாரும் உண்டு. பகலில் பிள்ளைகள் வேலைக்குப் போய்விடுவார்கள், பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விடுவார்கள். வீட்டில் மிச்சம் பெரியவர்களும் ஒரு போனும்தான். அந்த நேரத்தில் ஒரு வருத்தம் வந்தால் போன் கைகொடுக்க வேண்டும். காலை வாரிவிடக் கூடாது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்?

2017ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அந்த வருஷம் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு என்று பதிவானது. நம் மாவட்டத்தில் கிண்ணியாவை அது மார்ச் மாதத்திலேயே தாக்கி உயிர்களையும் கொண்டுபோனது. இப்படியான காய்ச்சல் காலத்தில் இலைச்சாறு, கஷாயம் என்று போனில் செய்திகள் பறக்கும். சாறு குடிப்பதை விட, அதை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பதில்தான் பெரிய ஆபத்து. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் கவனமான நேரம். "காய்ச்சல் விட்டிருச்சு, சாறு வேலை செஞ்சிருச்சு" என்று நினைக்கிற அந்த நேரத்தில்தான் வயிற்றுவலி, விடாத வாந்தி, இரத்தக் கசிவு, மயக்கம் எல்லாம் வரும்.

இன்னொன்று, 2020 டிசம்பரில் கேகாலையில் நடந்தது. கொரோனாவைக் குணப்படுத்தும் என்று ஒருவர் ஒரு பாணியைக் கொடுக்க, ஆயிரக்கணக்கான சனங்கள் வரிசையில் நின்றார்கள். அப்போதைய சுகாதார அமைச்சரே அதை எல்லாரும் பார்க்கக் குடித்தார். அடுத்த மாதம், 2021 ஜனவரியில், அவருக்கே கொரோனா தொற்றியது. பெரிய ஆள் சொன்னார், பெரிய ஆள் குடித்தார் என்பது வைத்தியத்துக்குச் சாட்சி ஆகாது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

பாடம் 1: போன் பெரியவர் கையில் இருக்கட்டும்

சொல்லிக் கொடுக்கிறவர் போனைப் பிடுங்கி, தானே நாலு தட்டுத் தட்டிவிட்டு "பார்த்தீங்களா, இப்படித்தான்" என்று சொன்னால் பெரியவருக்கு ஒன்றும் பிடிபடாது. போன் அவர் கையில், விரலும் அவர் விரல். நாம் வாயால் மட்டும் சொல்ல வேண்டும். முதலில் எழுத்தைப் பெரிசாக்கிக் கொடுங்கள், சத்தத்தைக் கூட்டிக் கொடுங்கள். எழுத வராதவர்கள் மைக் படத்தைத் தொட்டுத் தமிழில் பேசினாலே போன் தேடித் தரும். கையெழுத்துப் போடத் தெரியாத பாட்டியும் இதைப் பழகலாம். ஒரு நாளைக்கு ஒரு விஷயம், அரை மணித்தியாலம் போதும். முடிவில் "விளங்கிச்சா?" என்று கேட்காதீர்கள்; மரியாதைக்கு "ஓம்" என்றுதான் சொல்வார்கள். "எங்கே பாட்டி, நீங்க எனக்குக் காட்டித் தாங்க" என்று கேளுங்கள். அவர் செய்து காட்டினால்தான் பாடம் முடிந்தது.

பாடம் 2: செய்தி வந்தால் மூன்று கேள்வி

ஒன்று: இதை யார் சொல்கிறார்? அனுப்பியவர் நம் மருமகனாக இருக்கலாம், ஆனால் சொன்னவர் யார்? வட்ஸ்அப்பில் செய்திக்கு மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது. மருமகன் அதை எழுதவில்லை.

இரண்டு: எப்போது சொன்னது? தேதி இல்லாத பழைய செய்தி வருஷா வருஷம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

மூன்று: என்னை என்ன செய்யச் சொல்கிறது? இதுதான் முக்கியம். "நடங்க, உப்பைக் குறைங்க" என்றால் பெரிய கெடுதி இல்லை. "கிளினிக் மாத்திரையை நிப்பாட்டுங்க", "இந்த மருந்தைக் காசு கட்டி வாங்குங்க", "ஆஸ்பத்திரிக்குப் போகாதீங்க" என்று சொன்னால் அதோடு அந்தச் செய்தியை மூடிவிட வேண்டும். சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் குடிக்கிற மாத்திரையைக் கிளினிக் டொக்டரைக் கேட்காமல் ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. பிரஷர் கூடினாலும் பல பேருக்கு உடம்பு ஒன்றும் காட்டாது. "சுகமாத்தானே இருக்கேன்" என்று நிறுத்தியவர் ஒரு நாள் பாரிசவாதத்தில் விழலாம்.

டெங்குக் காலத்துக்கு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் இரத்தக் கசிவைக் கூட்டும். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும், அதுவும் சொன்ன அளவில். ஏற்கெனவே இருதயத்துக்கு அஸ்பிரின் குடிக்கிறவர்கள் தாமாக நிறுத்தாமல், காய்ச்சல் வந்த உடனே டொக்டரிடம் சொல்ல வேண்டும்.

பாடம் 3: போனுக்குள்ளே ஒரு கிளினிக் கொப்பி

பெரியவர்கள் தோட்டத்துக்கும் திருக்கோணமலைக்கும் போய் வருகிறார்கள். கொப்பி ஒரு வீட்டில், ஆள் ஒரு வீட்டில். அவசரத்தில் டொக்டர் "என்ன மருந்து குடிக்கிறீங்க?" என்று கேட்டால் "வெள்ளைக் குளிசை, சின்னதா இருக்கும்" என்பதுதான் பதில். வெள்ளைக் குளிசை நூறு வகை இருக்கிறது. ஆகவே கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தையும், மருந்து உறையில் எழுதியிருக்கும் பெயரையும், ஒவ்வாத மருந்தின் பெயரையும் போனில் படம் எடுத்து வையுங்கள். கிளினிக் போய் வந்த ஒவ்வொரு முறையும் புதுப் படம் எடுக்க வேண்டும்.

ரிப்போர்ட்டில் உள்ள எண்ணைப் போனில் தேடுகிறவர்கள் அளவையும் பார்க்க வேண்டும். சாப்பிடாமல் பார்த்த சீனி 126 என்று நம் ரிப்போர்ட் காட்டும். லண்டனில் இருக்கும் சொந்தக்காரர் 7 என்பார். இரண்டும் ஒன்றுதான். அவர்கள் எண்ணை 18ஆல் பெருக்கினால் நம் எண் வரும். இது தெரியாமல் 126 என்பதைப் பார்த்துப் பயப்படுகிறவர்களும், 7 தானே என்று விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

பாடம் 4: 1990

சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2016இல் இந்திய அரசாங்கத்தின் உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பிறகு நாடு முழுக்க விரிந்தது. காசு கிடையாது. நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், வாய் கோணுதல், ஒரு பக்கம் கை கால் விழுதல் என்றால் போனில் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. 1990 அழுத்த வேண்டும். அழுத்தாமலே ஒத்திகை பாருங்கள்: யாருக்கு, என்ன, எங்கே. வீட்டுக்குக் கிட்டே உள்ள கோயில், பள்ளிக்கூடம், சந்தி எது என்று பெரியவருக்கு வாய்ப்பாடமாகத் தெரிய வேண்டும்.

பாடம் 5: சொல்லக் கூடாதது

போனுக்கு வருகிற இரகசிய எண்ணை, வங்கி அட்டை எண்ணை, ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறோம் என்று சொன்னாலும் கொடுக்கக் கூடாது. ஒருவருடைய வருத்தத்தை, அவர் ரிப்போர்ட்டை, அவர் சம்மதம் இல்லாமல் குடும்பக் குழுவில் போடவும் கூடாது. பெரியவர்களுக்கும் மானம் மரியாதை உண்டு.

தோழர்களே, இதற்கு வகுப்பறை வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். பத்தாம் வகுப்புப் படிக்கிற பேரப்பிள்ளை ஒருவர் போதும். இந்த இதழ் கையில் கிடைத்த வாரத்தில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெரியவருக்கு மூன்று காரியம் பழக்குங்கள்: கொப்பியைப் படம் எடுப்பது, மூன்று கேள்வி கேட்பது, 1990 அழைப்பது. நமக்காக வெயிலிலும் மழையிலும் உழைத்தவர்கள் அவர்கள். பகலில் தனியே இருக்கிற அவர்கள் கையில் இந்த மூன்றும் இருந்தால், வேலைக்குப் போகிற நமக்கும் மனம் ஆறுதலாக இருக்கும்.