ஊர்கள் ஏன் அழிந்தன?

2024-ஆம் ஆண்டு கோடையில் பெங்களூரில் ஆயிரக்கணக்கான போர்வெல்கள் வற்றின. டேங்கர் லாரித் தண்ணீரின் விலை ஏறியது. "இப்படியே போனால் ஊரைக் காலி செய்ய வேண்டியதுதான்" என்று பலர் பேசிக்கொண்டார்கள்.

தண்ணீர் இல்லாமல் பெரிய ஊர் காலியாகுமா? ஆகும். முன்பு ஆகியிருக்கிறது.

சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன் சிந்து நதிப் பக்கம் மொகஞ்சதாரோ என்ற நகரம் இருந்தது. செங்கல் வீடுகள். நேரான தெருக்கள். மூடிய சாக்கடைகள். நூற்றுக்கணக்கான கிணறுகள். குஜராத்தில் தோலாவிரா என்ற நகரமும் அதே காலத்தில் இருந்தது. அங்கே மழைநீரைப் பிடிக்கப் பெரிய பெரிய குளங்கள் வெட்டியிருந்தார்கள்.

பிறகு பருவமழை குறைந்தது. சில ஆறுகளில் தண்ணீர் நின்றது. வேறு காரணங்களும் இருக்கலாம் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். நகரம் ஒரே நாளில் அழியவில்லை. சாக்கடையைச் சரிசெய்வது நின்றது. புது வீடுகளை ஒழுங்கில்லாமல் கட்டினார்கள். மக்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழக்கே போய்ச் சின்னச் சின்ன ஊர்களில் குடியேறினார்கள்.

இன்னொன்றும் நடந்தது. அவர்களுக்கு எழுத்து இருந்தது. நகரங்களோடு அந்த எழுத்தும் மறைந்தது. அதை இன்றுவரை யாராலும் படிக்க முடியவில்லை. எழுதப் படிக்கக் கற்பது எவ்வளவு பாடு என்று உங்களுக்குத் தெரியும். ஒரு நாடே அதை மறந்துவிட்டது பாருங்கள்!

நம் கர்நாடகத்திலும் ஒரு பெரிய நகரம் அழிந்தது. அது விஜயநகரம். இப்போது ஹம்பி என்கிறோம். 1565-இல் விஜயநகரப் படை போரில் தோற்றது. பகைவர்கள் நகரைக் கொள்ளையடித்தார்கள். அரண்மனை பாழானது. கடைவீதி பாழானது. ஆனால் துங்கபத்திரை ஆற்றிலிருந்து அன்று வெட்டிய கால்வாய்கள் சில இன்றும் வயலுக்குத் தண்ணீர் தருகின்றன. ராஜா போனார், கால்வாய் போகவில்லை. ஏன்? உழவர்கள் அதைத் தூர் வாரிக் காப்பாற்றினார்கள்.

அந்த விஜயநகர அரசின் கீழ் இருந்தவர்தான் கெம்பேகவுடா. 1537-இல் பெங்களூர்க் கோட்டையைக் கட்டியவர். பெங்களூர் மேட்டு நிலம். பக்கத்தில் பெரிய ஆறு இல்லை. அதனால் ஏரிகள் வெட்டினார்கள். மேல் ஏரி நிரம்பினால் கால்வாய் வழியாகக் கீழ் ஏரிக்குத் தண்ணீர் போகும். மதகைத் திறந்து மூட ஓர் ஆள் இருப்பார். கன்னடத்தில் அவரை நீருகண்டி என்பார்கள். கோடையில் ஏரி வண்டலை அள்ளி வயலுக்கு எருவாகப் போடுவார்கள். ஏரியும் ஆழமாகும், வயலும் விளையும்.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹெசரகட்டாவிலிருந்து குழாய்த் தண்ணீர் வந்தது. 1974-இல் காவிரித் தண்ணீர் வந்தது. சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து அதை மேலே ஏற்றுகிறார்கள். குழாய் வந்தது நல்லதுதான். குடத்தோடு ஏரிக்கு நடந்த பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆனால் குழாய் வந்ததும் ஏரியை யாரும் கவனிக்கவில்லை. தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில்தான் இன்று மெஜஸ்டிக் பஸ் நிலையம் இருக்கிறது. சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டு அரங்கம் ஆனது.

அல்சூர் ஏரி மிஞ்சியிருக்கிறது. காக்ஸ் டவுனிலிருந்து நடந்தே போய்விடலாம். 2016 மார்ச் மாதம் அதில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. ஏரியில் சாக்கடை கலந்திருந்தது. அழுக்குத் தண்ணீரில் மீன் மூச்சுவிடப் போதுமான காற்று இருக்காது.

மொகஞ்சதாரோ மக்களுக்கு மழை ஏன் குறைகிறது என்று தெரியாது. நமக்குத் தெரியும். வற்றிய போர்வெல்லுக்கு மழைநீரைத் திருப்பிவிடும் வழியும் தெரியும்.

கலந்து பேசுங்கள்

உங்கள் தெருவில் முன்பு கிணறு இருந்ததா? அதை யார் மூடினார்கள்?

உங்கள் கூரையில் விழும் மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது? எந்த ஏரியில் போய்ச் சேருகிறது?