பேரனுக்கு வைட்டமின் சொட்டு கேட்கலாமா?

மதுரைப் பக்கம் பிறந்த குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ சொட்டு கொடுத்து ஆராய்ச்சி செய்தார்களாமே! என் பேரன் பிறந்து பத்து நாள்தான் ஆகிறது. அவனுக்கும் கேட்டு வாங்கலாமா? – ஒரு பாட்டி, மேலூர்

இப்போது வேண்டாம், அம்மா. நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை சார்ந்த ஆய்வு அது, 2003-இல் வெளியானது. தமிழகக் கிராமங்களில் 11,619 பச்சிளங்குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள். பாதிப் பேருக்குப் பிறந்த இரண்டு நாளுக்குள் வைட்டமின் சொட்டு, மீதிப் பேருக்கு வைட்டமின் இல்லாத சொட்டு. வைட்டமின் பெற்றவர்களிடம் ஆறு மாதத்துக்குள் இறப்பு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. நம் மண்ணில் நடந்த மகத்தான வேலை! ஆனால் பின்னர் கானாவிலும் தான்சானியாவிலும் பல்லாயிரம் குழந்தைகளிடம் சோதித்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதனால் பிறந்தவுடன் எல்லோருக்கும் கொடுக்க உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை.

பேரனுக்கு இப்போது தாய்ப்பால் போதும். மருமகளோ மகளோ, முருங்கைக்கீரையைத் தாராளமாகச் சாப்பிடட்டும். பத்தியம் என்று தடுக்காதீர்கள். ஒன்பதாம் மாதம் தட்டம்மைத் தடுப்பூசியோடு முதல் வைட்டமின் ஏ மருந்து, 1 மில்லி. பாட்டிலோடு வரும் கரண்டியில் நர்ஸ் அரைக் கரண்டி அளந்து கொடுப்பார். பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 மில்லி, ஐந்து வயது வரை. அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ இலவசம். தடுப்பூசி அட்டையில் பதியச் சொல்லுங்கள்.