தொட்டிலும் பட்டமும்

கேள்வி: பதினாறு வயதில் தாயாகிவிட்ட என் தங்கை மகளுக்குப் படிக்கும் ஆசை விடவில்லை. இனி அது நடக்கிற காரியமா?

பதில்: மகாராஷ்டிரத்துக் கல்யாண் நகரத்தில் 1865-ல் பிறந்து, ஒன்பதாம் பிராயத்திலேயே தபால் இலாகா குமாஸ்தாவாகிய கோபால்ராவ் ஜோஷிக்கு இரண்டாந்தாரமாக வாழ்க்கைப்பட்டு, பதினான்கு வயதில் ஈன்ற ஆண் சிசுவைத் தக்க வைத்தியமின்றிப் பத்தே நாளில் பறிகொடுத்த ஆனந்திபாய், அந்தத் துக்கத்தையே சங்கற்பமாக்கிக்கொண்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறி, 1886-ல் பென்ஸில்வேனியா மாதர் வைத்தியக் கல்லூரியில் பட்டம் பெற்றார், பட்டத்துக்கென அவர் எழுதிய ஆராய்ச்சியும் பிரசவ சாஸ்திரத்தைப் பற்றியதே. (மறு வருஷமே, இருபத்தொரு வயதில், க்ஷயரோகம் அவரைக் கொண்டுபோயிற்று.) ஆனால் அந்தக் குழந்தை பிழைத்திருந்தால் அவர் கப்பலேறியிருப்பாரா என்று யோசிக்கையில் மனம் கசக்கவே செய்கிறது, ஏனெனில், இளந்தாயின் லட்சியத்தைக் கெடுப்பது குழந்தையன்று, அதைச் சற்று நேரம் இடுப்பில் வாங்கிக்கொள்ள ஆளில்லாத வீடுதான். பத்தாம் வகுப்புப் பரீட்சையைத் தனித்தேர்வராக எழுத இன்றும் வழியிருக்கிறது. பரீட்சை நாட்களில் மூன்று மணி நேரம் தூளியை ஆட்டப் பெரியம்மாவாகிய தாங்கள் சம்மதிப்பீர்களா என்பதே என் எதிர்க்கேள்வி.