வீட்டிலேயே தொழிலா? முதலில் சபைக்குப் போங்கள்

வத்தளையில் வீட்டு முன்னறையில் கேக் செய்து விற்கவோ தையல் மெசின் போடவோ எண்ணுகிறீர்களா? சோலைவரி ரசீதை எடுத்துப் பாருங்கள். உங்கள் வீடு வத்தளை-மாபோல நகர சபைக்கு உட்பட்டதா, வத்தளை பிரதேச சபைக்கு உட்பட்டதா என்பது அதில் தெரியும். போகவேண்டிய கந்தோர் அதுதான்.

பலர் தவறவிடும் விஷயம் ஒன்று: நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1978ஆம் ஆண்டு 41ஆம் இலக்கச் சட்டத்தில், கட்டடத்தின் பயன்பாட்டை மாற்றுவதும் அபிவிருத்திதான். ஒரு செங்கல்லைக்கூட நகர்த்தாவிட்டாலும் அனுமதி தேவைப்படலாம். ஆகவே அவண் வாங்க முன்னரே, உறுதியினதும் வீட்டு வரைபடத்தினதும் பிரதிகளோடு போய்க் கேளுங்கள். வாடகை வீடென்றால் உரிமையாளரின் சம்மதம் எழுத்தில் இருக்கட்டும்.

பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்தாலும் சபையின் அனுமதி தனி. உணவுத் தொழிலென்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் முன்கூட்டியே சந்தியுங்கள்.