காட்டாமல் விட்ட சிறுத்தை

கேள்வி:

பழைய ஆங்கிலப் பேய்ப் படங்களையும் விண்வெளிப் படங்களையும் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்து வருகிறேன். ஆர்வம் தாங்காமல் நானும் பார்க்கத் தொடங்கினேன். முதலில் நண்பர்களோடு 'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' பார்த்தோம். உலகிலேயே மோசமான படம் என்று பெயர் வாங்கியது என்பதால்தான் அதை எடுத்தோம். கால் மணி நேரம் வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு ஆளுக்கொரு கைபேசியைக் கையில் எடுத்துவிட்டோம். அடுத்து நான் மட்டும் தனியாக 'கேட் பீப்பிள்' பார்த்தேன். எல்லாரும் புகழும் படம். ஆனால் பாதி நேரம் இருட்டைத் தவிர எதுவும் தெரியவில்லை. அந்தப் பெண் சிறுத்தையாக மாறுவதைக் கடைசி வரை காட்டவே இல்லை. காசில்லாமல் எடுத்த இந்தப் படங்களில் ரசிக்க என்னதான் இருக்கிறது? கேலி செய்து சிரிக்கத்தான் இவற்றைப் பார்க்கிறார்களா? அப்படி இல்லையென்றால் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

— ஒரு வாசகர், சேலம்

பதில்:

நீங்கள் எடுத்த இரண்டுமே பார்க்க வேண்டிய படங்கள்தான். பார்த்த வரிசை உங்கள் காலை வாரிவிட்டது. இரண்டாவது படத்தில் பிரிண்டும் சேர்ந்து வாரியிருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். பிரிண்ட் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் காசு. 1930களின் பெருமந்தத்தில் அமெரிக்கத் தியேட்டர்கள் கூட்டத்தை இழுக்க ஒரே டிக்கெட்டில் இரண்டு படங்கள் காட்டின. முதல் படம் பெரிய நடிகர்கள் நடித்தது. அதன் வசூலில் ஸ்டூடியோவுக்கு இத்தனை சதவீதம் என்று பங்கு உண்டு. இரண்டாவதாக ஓடும் பி-படத்துக்கு நிர்ணயித்த வாடகை மட்டும்தான். அரங்கு நிறைந்தாலும் அதே தொகை, காற்று வாங்கினாலும் அதே தொகை. ஆகவே படம் எடுப்பவருக்கு, கேமராவைத் தொடுவதற்கு முன்பே எவ்வளவு வரும் என்று தெரியும். லாபம் என்பது செலவைக் குறைப்பதில் மட்டும்தான் இருந்தது. மோனோகிராம், பி.ஆர்.சி. போன்ற சின்னக் கம்பெனிகள் இந்தக் கணக்கில்தான் பிழைத்தன.

இந்தக் கணக்கு இரண்டு விதமான ஆட்களை உண்டாக்கியது. எப்படி எடுத்தாலும் கிடைப்பது அதே காசுதானே என்று ஏனோதானோவென்று எடுத்துத் தள்ளியவர்கள் பெரும்பான்மை. எப்படி எடுத்தாலும் மேலிடத்திலிருந்து யாரும் எட்டிப் பார்க்கப் போவதில்லை என்பதைப் பயன்படுத்திக்கொண்டு, பெரிய படங்களில் செய்ய முடியாததைச் செய்து பார்த்தவர்கள் சிலர். நான் இந்தப் படங்களின் மேல் வைத்திருக்கும் பிரியமெல்லாம் அந்தச் சிலரால் வந்தது. கையில் இல்லாததை வைத்துக்கொண்டு இவர் என்ன முடிவு எடுத்தார் என்று ஒவ்வொரு காட்சியிலும் கேட்டுக்கொண்டு பாருங்கள். படம் வேறு மாதிரி தெரியத் தொடங்கும்.

'கேட் பீப்பிள்' படத்தையே எடுத்துக்கொள்வோம். 1942. ஆர்சன் வெல்ஸின் படங்களால் நஷ்டப்பட்டிருந்த ஆர்.கே.ஓ. நிறுவனம், மலிவான பேய்ப் படங்கள் எடுக்க வால் லியூட்டன் என்ற தயாரிப்பாளரை நியமித்தது. நிபந்தனைகள் மூன்று: செலவு ஒன்றரை லட்சம் டாலரைத் தாண்டக் கூடாது, நீளம் 75 நிமிடத்துக்குள், தலைப்பை நிறுவனமே கொடுக்கும். அப்படி அவர் கையில் வந்து விழுந்த தலைப்புதான் அது. வெல்ஸின் 'த மேக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்' படத்துக்குப் போட்ட பெரிய மாடிப்படி செட் சும்மா கிடந்தது. அதையே கதாநாயகி இரீனாவின் குடியிருப்பாக்கினார்கள். சிறுத்தை வேஷம் போட்டு ஒருவரை ஓடவிட்டால் அரங்கு சிரிக்கும் என்பது லியூட்டனுக்கும் இயக்குநர் ஜாக் டூர்னருக்கும் தெரியும். அதனால் சிறுத்தையை உங்கள் மனத்திலேயே வளர்ப்பது என்று முடிவு செய்தார்கள்.

பூங்காவை ஒட்டிய சாலையில் ஆலிஸ் என்ற பெண் இரவில் தனியாக நடந்து வரும் காட்சியை மறுபடி போட்டுப் பாருங்கள். பின்னணி இசை கிடையாது. குதிகால் செருப்புகளின் ஓசை மட்டும் இரண்டு ஜோடி கேட்கிறது. முன்னால் ஆலிஸ், பின்னால் இரீனா. ஒரு கட்டத்தில் பின்னால் வரும் ஓசை நின்றுபோகிறது. யாரும் வரவில்லை, எதுவும் தெரியவில்லை. ஆலிஸின் நடை வேகமாகிறது, பிறகு ஓட்டமாகிறது. சீறல் ஒன்று காதைக் கிழிக்கிறது. திரைக்குள் பாய்ந்து வந்து நிற்பது ஒரு பேருந்து. அதன் பிரேக் சத்தம்தான் அது. அதற்குப் பின் எண்பது ஆண்டுகளாகப் பேய்ப் படக்காரர்கள் இந்த உத்தியைக் கையாண்டு வருகிறார்கள். இன்றும் திரைத் தொழிலில் இதற்கு 'லியூட்டன் பஸ்' என்றுதான் பெயர். நீச்சல்குளக் காட்சியிலும் இருப்பது தண்ணீரின் ஒளி சுவரில் நெளிவது, ஒரு நிழல், ஒரு உறுமல், ஆலிஸின் அலறல். விளக்கு எரிந்ததும் இரீனா புன்னகையோடு நிற்கிறாள். ஆலிஸின் மேலங்கி மட்டும் நார்நாராகக் கிழிந்து கிடக்கிறது.

நிறுவனம் சும்மா இருக்கவில்லை. சிறுத்தையைக் காட்டியே தீர வேண்டும் என்று வற்புறுத்தியது. அதனால் அலுவலகக் காட்சியில் நிஜச் சிறுத்தை ஒன்று கொஞ்சம் தலைகாட்டுகிறது. என்னைக் கேட்டால், படம் முழுவதிலும் பயம் தளர்கிற ஒரே இடம் அதுதான்.

இப்போது பிரிண்ட் விஷயம். ஒளிப்பதிவாளர் நிக்கலஸ் முசுராக்கா இந்தப் படத்தின் இருட்டைப் பல படிகளாக அமைத்திருக்கிறார். நிழலுக்குள் இன்னொரு நிழல் அசைவது தெரிய வேண்டும். பலமுறை நகலெடுத்த மங்கலான பிரதியைக் கைபேசியில் பார்த்தால் அந்தப் படிகள் எல்லாம் ஒரே கறுப்பாக அப்பிக்கொள்ளும். "இருட்டைத் தவிர எதுவும் தெரியவில்லை" என்று நீங்கள் எழுதியது அதனால்தான் இருக்கும். சீரமைத்த பிரதி கிடைக்கும் வரை இந்த வகைக் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்க்காமல் இருப்பதே மேல். கிடைத்த பிறகு, இரவில், அறை விளக்கை அணைத்து, காதில் நல்ல ஹெட்போன் மாட்டிக்கொண்டு பாருங்கள். இந்தப் படங்களில் பாதி வேலையைச் செய்வது ஒலிதான்.

இல்லாமை தானாக நல்ல படத்தைத் தந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். அதற்குச் சான்றாக ரோஜர் கோர்மனிடம் ஒரே வேரிலிருந்து முளைத்த இரண்டு படங்கள் இருக்கின்றன. 1950களில் இளைஞர்கள் காரோடு போய்ப் பார்க்கும் டிரைவ்-இன் தியேட்டர்கள் பெருகியபோது, அவர்களுக்காக அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் நிறுவனம் படங்களைக் குவித்தது. பல படங்களுக்கு முதலில் தலைப்பும் போஸ்டரும் தயாராகும், அப்புறம்தான் கதை. (போஸ்டரை நம்பி இந்தப் படங்களுக்குள் போகாதீர்கள், அதில் உள்ள பாதி படத்தில் இருக்காது.) அந்த நிறுவனத்துக்குப் படங்களை வேகவேகமாக எடுத்துக் கொடுத்தவர் கோர்மன். இன்னொரு படத்துக்குப் போட்ட செட் பிரிக்கப்படாமல் இருந்த இடைவெளியில், இரண்டு பகலும் ஒரு இரவுமாக முக்கியக் காட்சிகளை முடித்து 'த லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்' (1960) எடுத்தார். ஆளைத் தின்னும் செடியைப் பற்றிய அந்தப் படம் இன்றும் துள்ளுகிறது. பல் மருத்துவரிடம் வலியை விரும்பி வரும் நோயாளியாக இளம் ஜாக் நிக்கல்சன் வருவார்.

அதே துணிச்சலில் 1963இல் 'த டெர்ரர்'. 'த ரேவன்' படத்தின் செட்டும், நடிகர் போரிஸ் கார்லாஃபின் சில நாள் கால்ஷீட்டும் மிச்சம் இருந்தன. முழுக் கதை கையில் இல்லாமலேயே கார்லாஃபைக் கோட்டைக்குள் நடக்கவிட்டுப் படம்பிடித்து வைத்துக்கொண்டார் கோர்மன். மீதியைப் பின்னால் ஃபிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலா உட்படப் பலர் கைமாற்றிக் கைமாற்றி எடுத்துத் தைத்தார்கள். தையல் எல்லா இடத்திலும் தெரிகிறது. கதை எடுத்தவர்களுக்கே புரிந்திருக்காது.

சில ஆண்டுகள் கழித்து, கார்லாஃப் இன்னும் இரண்டு நாள் கால்ஷீட் பாக்கி வைத்திருப்பதாகச் சொல்லி, அந்த இரண்டு நாளையும் 'த டெர்ரர்' படத் துண்டுகளையும் பீட்டர் பொக்டனோவிச் என்ற இளைஞரிடம் கொடுத்தார் கோர்மன். இதை வைத்து எப்படியாவது ஒரு படம் எடு என்றார். பொக்டனோவிச் அந்த நிபந்தனையையே கதையாக்கினார். 'டார்கெட்ஸ்' (1968) படத்தில் கார்லாஃப், ஓய்வு பெற விரும்பும் ஒரு வயதான பேய்ப் பட நடிகர். செய்தித்தாளில் வரும் கொலைகளுக்கு முன்னால் தன் படங்கள் யாரையும் பயமுறுத்தப் போவதில்லை என்று நொந்துபோயிருக்கிறார். இன்னொரு பக்கம், பார்ப்பதற்குச் சாதுவான ஒரு குடும்பத்துப் பையன் துப்பாக்கிகளை வாங்கிச் சேர்க்கிறான். இரண்டு கதைகளும் ஒரு டிரைவ்-இன் தியேட்டரில் சந்திக்கின்றன. அங்கே திரையில் ஓடிக்கொண்டிருப்பது அதே 'த டெர்ரர்'. மிச்சமீதியைத் தைத்ததால் தோற்ற படம், இன்னொரு படத்துக்குள் போனதும் நெஞ்சை உலுக்குகிறது. இதைவிடத் தெளிவாக உங்கள் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியாது.

ஹாலிவுட்டுக்கு வெளியே வேறு ஊர்களில் படமெடுத்தவர்களும் இந்தக் கூட்டத்தில் உண்டு. கான்சஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில் கல்விப் படங்களும் தொழிற்சாலைப் படங்களும் எடுத்துக்கொண்டிருந்தவர் ஹெர்க் ஹார்வி. யூட்டாவின் பெரிய உப்பு ஏரிக் கரையில் பாழடைந்து நின்ற சால்ட்டேர் கேளிக்கை மண்டபத்தை வழியில் பார்த்தார். அந்தக் கட்டடத்துக்காகவே ஒரு கதை எழுதச் செய்து 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்' (1962) எடுத்தார். கதாநாயகியைத் துரத்தும் வெளிறிய முகத்துக்காரர் அவரேதான். ஒரு கட்டத்தில் கதாநாயகியைச் சுற்றி உலகத்தின் சத்தம் எல்லாம் அறுந்துபோகும். கடையில் பேசினால் யாருக்கும் கேட்காது. ஒலிப்பதிவை நிறுத்துவதற்குச் செலவே இல்லை. ஆனால் அந்த நிமிடங்களில் அவளுடைய தனிமை நம்மேல் வந்து கவிகிறது. ஹார்வி அதற்குப் பிறகு வேறு கதைப் படம் எதுவும் எடுக்கவில்லை.

பிட்ஸ்பர்க் பக்கம் விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' (1968) படத்தை அதிகம் விளக்க வேண்டியதில்லை; பிணங்கள் எழுந்து வரும் இன்றைய படங்களுக்கெல்லாம் தாய் அதுதான். கறுப்பின நடிகரான டுவேன் ஜோன்ஸ் அதில் நாயகன். அவருடைய நிறத்தைப் பற்றிப் படத்தில் ஒருவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஆனால் அந்த ஆண்டின் அமெரிக்காவை நினைத்துக்கொண்டு முடிவைப் பார்த்தால் உறக்கம் வராது. படத்தின் பெயரை மாற்றியபோது விநியோகஸ்தர் காப்புரிமை அறிவிப்பைச் சேர்க்க மறந்ததால், அது உடனே யாரும் வெளியிடக்கூடிய பொதுச் சொத்தானது. அதனால்தான் எங்கும் கிடைக்கிறது, அதனால்தான் பெரும்பாலும் மட்டமான பிரதியாகக் கிடைக்கிறது. 2016இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகமும் ஃபிலிம் ஃபவுண்டேஷனும் சீரமைத்த பிரதியைத் தேடிப் பாருங்கள்.

இனி 'பிளான் 9' இயக்குநர் எட் வுட். 'பிளான் 9' பார்த்துச் சிரித்ததில் தவறில்லை. சிரிப்பு வரும். ஆனால் 'உலகின் மோசமான படம்' என்ற பட்டம், வுட் 1978இல் இறந்த பிறகு, 1980இல் வந்த ஒரு கேலிப் புத்தகம் சூட்டியது. அந்தப் பட்டத்தை நான் ஏற்கவில்லை. 1931இல் டிராகுலாவாக உலகையே மிரட்டிய பெலா லுகோசியை 1950களில் ஹாலிவுட் கைவிட்டுவிட்டது. அவருக்குத் தொடர்ந்து வேடம் கொடுத்தவர் வுட். லுகோசி 1956இல் இறந்தபோது, அவரை வைத்து எடுத்த ஒலியில்லாத சில காட்சிகள் வுட்டின் கையில் இருந்தன. அவற்றை வீணாக்க மனமில்லாமல் அவற்றைச் சுற்றி ஒரு படத்தைக் கட்டினார். மீதிக் காட்சிகளில் அங்கியால் முகத்தை மறைத்துக்கொண்டு வரும் டூப், வுட்டின் மனைவிக்கு முதுகுவலி வைத்தியம் பார்த்தவர். பணம் பாப்டிஸ்ட் சபைக்காரர்கள் போட்டது. இதைத் தெரிந்துகொண்டு, லுகோசி ஒரு சின்ன வீட்டிலிருந்து வெளியே வந்து பூவைப் பறித்து முகரும் அந்தக் காட்சியைப் பாருங்கள். ஆற்றல் இல்லாத ஒருவர் தன் நண்பருக்காக முழு மனத்தோடு எடுத்த படம் இது. ஏனோதானோவென்று எடுத்ததாக ஒரு காட்சி கூட அதில் இல்லை. ஆனால் இதை உணர வேறு நாலு படங்கள் பார்த்திருக்க வேண்டும். அதனால்தான் அதை முதலில் பார்த்தது தப்பு என்றேன்.

சேலத்துக்காரர் என்பதால் இன்னொன்று. உங்கள் ஊர் ஏற்காடு சாலை மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம், அமெரிக்காவின் லிப்பர்ட் என்ற பி-படக் கம்பெனியோடு சேர்ந்து 1952இல் 'த ஜங்கிள்' எடுத்தார். தமிழில் 'காடு'. ராட் கேமரன், சீசர் ரொமேரோ, மேரி விண்ட்ஸர் ஆகியோரோடு நம் எம்.என்.நம்பியாரும் நடித்தார். காட்டு விலங்குகள் மிரண்டு ஊருக்குள் ஓடிவரக் காரணம் பழங்கால மாமத யானைகள் என்பது கதை. நம் யானைகளுக்குக் கம்பளி ரோமம் போர்த்தி நடக்கவிட்டிருப்பார்கள். கதை இழுவைதான். ஆனால் பொம்மை மாமதங்களைச் செய்து ஏமாற்றாமல், நிஜ யானையின் கனத்தையே நம்பியது சரியான முடிவு.

என் சிபாரிசு இதுதான். 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்' படத்தில் தொடங்குங்கள், தனியாகப் பாருங்கள். பிறகு நல்ல பிரதியில் 'கேட் பீப்பிள்', அதுவும் தனியாக. 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' படத்துக்கு நண்பர்களைக் கூப்பிடலாம். நான்காவதாக 'டார்கெட்ஸ்'. அதற்கு முன் 'த டெர்ரர்' முழுவதையும் பார்த்துச் சிரமப்பட வேண்டாம், பத்து நிமிடம் போதும். கடைசியாக, அதே நண்பர்களோடு, 'பிளான் 9' படத்தை மறுபடி. வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். ஐந்தும் சேர்த்து ஏறக்குறைய ஏழு மணி நேரத்தில் முடிந்துவிடும்.